மிடற்று நோவும் வேலியோர மருந்தும்

(சேத்தியாத்தோப்பில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் வெள்ளாற்றங்கரையிலுள்ள இச் சேத்தியாத்தோப்புப் பகுதியில் வீட்டுக்கு ஒருவர்க்கேனும் தொண்டை கட்டிக்கொள்ளும். வீராண ஏரி நிரம்பித் ததும்பும் நாள்களிலும், பின்வரும் மார்கழிப் பனியிலும், தை அறுவடையில் களத்துத் தூசு பறக்கும் போதும் இந் நோவு ஊரை விட்டுப் போவதில்லை. எச்சில் விழுங்கினால் முள் குத்துவது போலிருக்கும், குரல் கம்மும், குழந்தை சோறுண்ண மறுத்து அழும். அப்போது வீட்டுக் கிழவி கொல்லைப்புறம் சென்று வேலியில் நான்கு இலையைக் கிள்ளிவந்து, அடுக்களையில் இருக்கும் சுக்கையும் மிளகையும் தட்டிப்போட்டு அடுப்பில் ஏற்றுவாள். அதே வேளையில் அவ் வீட்டுப் பேரன் கடைத்தெருவுக்கு ஓடிப் பளபளக்கும் தாளில் பொதிந்த இனிப்பு வில்லைகளை வாங்கி வருவான். அவ் வுறையின் மேல் 'ஆயுர்வேத மருந்து' என்று அச்சிட்டிருக்கும்.

உறையைத் திருப்பி, உள்ளே இருப்பவை எவை எனப் படித்துப் பாருங்கள். பாட்டி கிள்ளிய அதே இலை. பாட்டி தட்டிப்போட்ட அதே சரக்கு. பெயர்கள் மட்டுமே வேறு. பாட்டி ஆடாதோடை என்றதை உறை 'வாசா' என்கிறது. சுக்கு 'சுண்டி' ஆகிவிட்டது, திப்பிலி 'பிப்பலி' ஆகிவிட்டது, கண்டங்கத்தரி 'கண்டகாரி', அதிங்கம் 'யட்டிமது'. பேரனுக்குப் பாட்டியின் இலை வேறு, வில்லையின் மருந்து வேறு. முன்னது பட்டிக்காட்டுப் பழக்கம் எனவும் பின்னது மருத்துவம் எனவும் அவன் எண்ணிக்கொள்கிறான். பாட்டி மறைந்த பின்னர் வேலியில் நிற்கும் செடியை அடையாளங் காட்டுவார் இல்லை. வில்லையை விற்பார் மட்டும் இருப்பர். இவ்வுரை அவ் விடைவெளியைப் பற்றியது.

முதலில் நோவு தோன்றும் இடத்தின் பெயரைக் காண்போம் என்றால், அங்கேயே தமிழின் வளம் தெரியும். கழுத்தின் உள்வழி முழுமைக்கும் மிடறு என்பது பழம்பெயர். 'ஒரு மிடறு நீர் குடி' என்னும் வழக்கில் அஃது இன்றும் உயிரோடிருக்கிறது. நஞ்சுண்டு கறுத்த கழுத்தினனை வடமொழியாளர் நீலகண்டன் என்ப. தேவாரம் பாடியோர் கறைமிடறு என்றும் மணிமிடறு என்றும் பாடினர். குரல் பிறக்கும் இடம் குரல்வளை. வாயின் பின்புறம் தொங்கும் சிறு சதை அண்ணாக்கு அல்லது உண்ணாக்கு. தொண்டை என்னுஞ் சொல்லுக்கோ கழுத்தன்றி இன்னொரு பொருளும் உண்டு, அது கோவைக்கொடி. அதன் பழுத்த கனியின் செம்மையைப் பெண்டிரின் வாயிதழுக்குப் பழம்புலவர் உவமையாக்கினர். நோவின் வகைக்கும் ஊர்மக்கள் தனித்தனிச் சொல் வைத்திருக்கின்றனர். தொண்டைக் கரகரப்பு வேறு, தொண்டைக்கட்டு வேறு, குரல்கம்மல் வேறு, தொண்டைப்புண் வேறு. 'தொண்டை சரியில்லை' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்பவர் தம் நோயையே பாதி மறந்தவர்.

இனிச் சரக்குக்கு வருவோம். சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றும் இல்லாத தமிழ் வீட்டு மருந்து அரிது. அம் மூன்றின் கூட்டைப் பெயராகக் கொண்டு நல்லாதனார் ஓர் அறநூலே இயற்றினார், அது திரிகடுகம். காரியாசான் கண்டங்கத்தரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி என்னும் ஐந்து வேர்களின் கூட்டைத் தம் நூற்குப் பெயராக்கினார், அது சிறுபஞ்சமூலம். கணிமேதாவியார் ஏலத்தை முதலாகக் கொண்ட ஆறு சரக்கின் கூட்டைப் பெயராக்கினார், அஃது ஏலாதி. பதினெண்கீழ்க்கணக்கில் மூன்று நூல்கள் மருந்துக் கூட்டின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஒழுக்கத்தைச் சொல்லவந்த புலவன், கேட்போர் ஒவ்வொருவர்க்கும் அடுக்களையில் அறிமுகமான பொருளை உவமையாக எடுத்தான் என்றால், அம் மருத்துவ அறிவு ஒருசிலரின் ஏட்டில் பூட்டிக்கிடந்ததன்று. வீடுதோறும் பரவியிருந்தது என்பதே பொருள். வள்ளுவரும் மருந்து என்றே ஓர் அதிகாரம் வகுத்து, வளி முதலாகிய மூன்றின் மிகை குறையே நோய் என்று நிறுத்தினார். வளி, அழல், ஐயம் என்பன அம் மூன்றின் தமிழ்ப்பெயர்கள். தொண்டைநோவு பெரும்பாலும் ஐயம் மிகுந்ததால் வருவது என்பது தமிழ் மருத்துவரின் கணிப்பு.

இவ்விடத்து ஒன்றை நேர்மையோடு சொல்லவேண்டும். திரிகடுகம், பஞ்சமூலம் என்னும் அந் நூற்பெயர்களிலேயே வடசொல் புகுந்துவிட்டது. முக்கடுகு என்றும் ஐவேர் என்றும் வைத்திருக்கலாம். இந்த மூன்று சரக்கையும் ஆயுர்வேதமும் ஆள்கிறது. ஆயுர்வேத நூலார் திருடினர் என்று கூவுவது அறிவுடைமை ஆகாது; ஒரே நிலத்தில் வாழ்ந்த மக்கள் ஒரே செடியைப் பயன்படுத்துவது இயற்கை. பொதுவானதை ஒருவர்க்கே உரியதாக எழுதிக்கொள்வதுதான் பிழை.

இஞ்சி என்னும் சொல்லின் செலவே இதற்குச் சான்று. தென்னாட்டு இஞ்சிவேர், பாலியில் 'சிங்கிவேர' ஆயிற்று. கிரேக்கத்தில் 'சிங்கிபெரிசு' ஆயிற்று. இலத்தீன் வழியே ஆங்கிலத்தில் 'சிஞ்சர்' ஆயிற்று. வடமொழியாளரோ அச் சொல்லைச் 'சிருங்கவேர' என ஆக்கிக்கொண்டு, கொம்பு போன்ற உடலுடையது எனப் பொருளும் கற்பித்தனர். ஆலன் ரோசு என்னும் ஆங்கில மொழியறிஞர் 1952-இல் இந்த ஒரு சொல்லின் வழிநடையை ஆராயவே ஒரு நூல் எழுதினார். மிளகின் வரலாறு இன்னும் பழையது. மிளகுக்குக் கறி என்று ஒரு பெயருண்டு. யவனர் மரக்கலங்கள் பொன்னைக் கொண்டுவந்து முசிறியில் இறக்கி மிளகை ஏற்றிச் சென்றதை அகநானூற்றின் 149-ஆம் பாட்டு காட்டுகிறது. பின்னாளில் வந்த ஆங்கிலேயன் மிளகுத்தண்ணீரைக் குடித்துப் பழகி, 'மல்லிகட்டானி' என்று தன் அகரமுதலியிலேயே அதை ஏற்றிக்கொண்டான். அயலான் ஏற்றிக்கொண்ட சொல்லை இற்றைத் தமிழ் வீட்டார் 'ரசம்' என்கின்றனர்!

சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருவழியில் வடலூர் இருக்கிறது. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-இல் பிறந்த வள்ளலார் இராமலிங்க அடிகள், 1867-இல் அங்கு ஏற்றிய அறச்சாலை அடுப்பு இன்றும் அணையவில்லை என்பதை அனைவரும் அறிவர். அவர் சோறிட்டவர் மட்டுமல்லர்; செடிகொடிகளின் பண்பை அறிந்தவர். நூற்றுக்கணக்கான பச்சிலைகளின் குணத்தை அட்டவணையாக எழுதி வைத்தவர். நாடோறும் உட்கொள்ளத் தக்கனவாக அவர் எடுத்துச் சொன்னவை கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் என்னும் நான்கு. இவற்றை உலர்த்தித் தூளாக்கி, நீரும் ஆவின்பாலும் கலந்து காய்ச்சி, நாட்டுச் சருக்கரையிட்டுப் பருகச் சொன்னார். இந் நான்கனுள் தூதுவளையும் முசுமுசுக்கையும் தொண்டைக்கும் நெஞ்சுச் சளிக்கும் உரியவை. சீரகம் தவிர எவையும் விலைக்கு வாங்க வேண்டியவை அல்ல. நான்கில் மூன்று வரப்பிலும் வேலியிலும் தாமாக முளைப்பவை. அடிகளாரின் உரைநடையில் வடசொல் மிகுதி என்பது உண்மைதான். ஆயினும் அவ் விலைகளைக் குறிக்குமிடத்து ஊரார் சொன்ன தமிழ்ப்பெயரையே அவர் எழுதினார். ஏழைக்குப் புரியாத பெயரால் ஏழைக்கு மருந்து சொல்ல முடியாது என்று அவர் அறிந்திருந்தார்.

முசுமுசுக்கையின் இலையைத் தொட்டால் சுணை சுரசுரக்கும். இலின்னேயசு என்னும் சுவீடிய நிலைத்திணை அறிஞர் 1753-இல் உலகச் செடிகளுக்கெல்லாம் பெயரிட்டபோது, இக் கொடிக்கு மதராசுப்பட்டினத்தின் பெயரையே அடைமொழியாக வைத்தார். ஆடாதோடைக்கோ அதன் நாட்டுப்பெயரையே சூட்டி 'அதாதோடா' என்றார். ஆடு தொடாத இலை ஆடாதோடை என்பது மக்கள் வழக்கிலுள்ள விளக்கம். உப்பங்காற்று வீசும் சுவீடன் நாட்டான் இச் சொல்லைக் காத்துக்கொடுக்க, வெள்ளாற்றங்கரைத் தமிழன் 'வாசா' என்று எழுதிய உறையைக் காசு கொடுத்து வாங்குகிறான். இதனை என்னென்பது!

ஆடாதோடையின் கதை அங்கு முடியவில்லை. அதன் இலையிலுள்ள 'வாசிசின்' என்னும் காரப்பொருளை ஆராய்ந்து, அதனை அடிப்படையாகக் கொண்டு வேதியலார் 1960-களில் 'புரோமெக்சின்' என்னும் சளி இளக்கி மருந்தை ஆக்கினர். புரோமெக்சின் உடலுக்குள் மாறி அமையும் பொருள்களில் ஒன்றே 'அம்புரோக்சால்'. இன்று மேலைநாடுகளில் கடுந்தொண்டை நோவுக்கு வாயிலிட்டுச் சுவைக்கும் வில்லையாக அம்புரோக்சால் விற்கப்படுகிறது. அது தொண்டையைச் சற்றே மரக்கச்செய்து நோவைத் தணிக்கிறது. வேலியிலிருந்து புறப்பட்ட இலை உலகைச் சுற்றி வில்லையாகத் திரும்பி வந்திருக்கிறது. எனினும் ஓர் எச்சரிக்கை: ஆடாதோடை கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆற்றலுடையது; ஆகலின் கருவுற்ற மகளிர் அதனை உட்கொள்ளலாகாது. இதனைப் பழைய மருத்துவச்சியர் அறிந்திருந்தனர். உறையில் அச்சிடுவோர் சிலர் மறந்துவிடுகின்றனர்.

வீட்டில் செய்யத் தக்கவற்றைச் சற்று விரிவாகவே கேளுங்கள். தமிழ் மருத்துவத்தார் உள்ளுக்குக் கொடுப்பதை முப்பத்திரண்டு வகையாகவும் புறத்தே இடுவதை முப்பத்திரண்டு வகையாகவும் பகுத்துள்ளனர். சாறு, குடிநீர், அடை, உட்களி என்பன அகமருந்திற் சில. வேது, பற்று, ஒற்றடம், பூச்சு என்பன புறமருந்திற் சில. கசாயம், லேகியம், தைலம் என்று தடுமாற வேண்டியதில்லை. குடிநீர், இளகம், எண்ணெய் என்றால் தாய்மார்க்கு நன்கு விளங்கும்.

எல்லாவற்றுக்கும் முற்பட்டது உப்புநீர்க் கொப்பளிப்பு. ஒரு குவளை இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி கல்லுப்புப் பொடியைக் கரைத்து, தலையை அண்ணாந்து, 'அ'கரத்தை நீட்டி ஒலித்தபடியே கொப்பளிக்க வேண்டும். ஒலித்தால்தான் நீர் அடித்தொண்டை வரை சென்று அலசும். நாளைக்கு நான்கைந்து முறை செய்தால் வீக்கத்தின் இறுக்கம் தளரும். கோழையும் கழன்று வரும். இதற்கு ஆங்கில மருத்துவரும் மறுப்புச் சொல்வதில்லை. புண்ணாக எரியும் தொண்டைக்குக் கடுக்காய்த் தோலையோ மாதுளம்பழத் தோலையோ இடித்துக் கொதிக்கவைத்து வடித்த நீர் நல்லது. அதிலுள்ள துவர்ப்புச் சத்து சதையைச் சுருக்கி எரிச்சலை அடக்கும். இதனைக் கொப்பளித்துத் துப்பிவிடல் வேண்டும்.

குடிநீர் என்பது ஏனோதானோ என்று கொதிக்க வைப்பதன்று. சுக்கின் மேல்தோலைச் சீவிவிட வேண்டும். தோலோடு இடுவது முறையன்று. விரற்கடை நீளச் சுக்கு, பத்து மிளகு, இரண்டு திப்பிலி, ஒரு கைப்பிடி துழாய் அல்லது ஓமவல்லி இலை. இவற்றை நசுக்கி நான்கு குவளை நீரிலிட்டுச் சிறுதீயில் ஒரு குவளையாகக் குறுக்க வேண்டும். பனங்கற்கண்டு சேர்த்து இளஞ்சூட்டில் மிடறு மிடறாகப் பருக வேண்டும். ஒரே மூச்சில் குடித்துவிட்டால் மருந்து வயிற்றுக்குப் போகுமேயன்றித் தொண்டைக்குப் பயன் குறைவு. காலையில் காய்ச்சியதை மாலைக்கு வைத்துக் குடிக்கக் கூடாது; குடிநீரின் வாழ்நாள் ஒரு சாமம், அதாவது மூன்று மணிநேரம், என்று மருத்துவ நூலார் வரையறுத்துள்ளனர். இதைக் குளிர்பெட்டிக்குள் இரண்டு நாள் வைத்திருந்து குடித்துவிட்டுத் 'தமிழ் மருந்து கேட்கவில்லை' என்போர் உளர். அது மருந்தின் குற்றமன்று.

தூதுவளை இலையின் பின்புறமும் தண்டிலும் முள் இருக்கும். முள்ளைக் களைந்து நெய்யில் வதக்கித் துவையலாக அரைத்தால் சிறுவரும் உண்பர். முசுமுசுக்கையை அரிசியோடு அரைத்து அடையாகச் சுடுவது இப் பகுதியில் பழைய வழக்கம். சித்தரத்தைத் துண்டொன்றை வாயின் ஒருபுறம் அடக்கிக்கொண்டு அதன் சாற்றை மெல்ல விழுங்கினால் இரவில் எழும் வறட்டிருமல் தணியும். தென்னார்க்காட்டுத் தெருக்கூத்துக் கலைஞர் விடியும்வரை ஓங்கிய குரலில் பாடியாக வேண்டும். ஓதுவார்க்கும் இசைவாணர்க்கும் குரலே விளைநிலம். மிளகும் பனங்கற்கண்டும் சித்தரத்தையும் அவர்களுக்கு மடியில் இருக்கவேண்டிய பொருள்கள். தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் தமிழ் மருத்துவராகவும் தமிழிசை ஆராய்ச்சியாளராகவும் ஒருங்கே விளங்கினார். மருந்து விற்று ஈட்டிய பொருளை இசை மாநாடுகளுக்கும் 1917-இல் வெளிவந்த தம் பெருநூலுக்கும் செலவிட்டார். மருந்தும் மிடறும் அவர் வாழ்வில் ஒன்றையொன்று தாங்கின.

நொச்சியிலை இட்டு வேது பிடிப்பது மூக்கடைப்புக்கு ஏற்றது. ஆனால் கொதிநீர்ப் பானையருகே சிறு குழந்தையைக் கொண்டுபோகாதீர்கள். கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகள் பலர். சுண்ணாம்பையும் தேனையும் குழைத்துத் தொண்டையின் வெளிப்புறம் பற்றிடுவர். அது சுரீரென்று சூடேறும். பெரியவர்க்கு மெல்லியதாக இடலாம்; குழந்தைத் தோலைப் பொசுக்கிவிடும். தேன் இருமலுக்கு உறுதியாகப் பயன்தரும் எளிய மருந்து. 2018-இல் இங்கிலாந்தின் அரசு நலத்துறை வழிகாட்டுதலே கடுமிருமலுக்கு முதலில் தேனைப் பரிந்துரைத்தது. ஆயினும் ஓராண்டு நிறையாத குழந்தையின் நாவில் தேன் தடவுவது கொடிய தவறு. தேனில் கலந்திருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர், அப் பிஞ்சுக் குடலில் வளர்ந்து தசைகளை முடக்கும் நஞ்சை உண்டாக்கும். பழைய வழக்கம் என்பதற்காகவே இதனைத் தொடர வேண்டுவதில்லை.

இங்கு அதிங்கத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. அதிமதுரம் என்று கடைக்காரர் தரும் அவ் வினிய வேர் தமிழ்நாட்டுச் செடி அன்று. வடமேற்கு நாடுகளிலிருந்து வருவது. விலை மிகும்போது அதற்கு மாற்றாகக் குன்றிமணிக் கொடியின் வேரைக் கொள்ளும் வழக்கம் உண்டு. குன்றிமணியின் வேரிலும் இலையிலும் அதே இனிப்புச் சத்து இருப்பது உண்மையே. ஆனால் அதன் சிவந்த விதையிலோ மிகக் கொடிய நஞ்சு இருக்கிறது. உடைந்த விதை சிறிதளவு உள்ளே சென்றாலும் உயிர்க்கு இடர். வேரெது, விதையெது, எவ்வளவு என்னும் அறிவு பெயரோடு சேர்ந்தே தலைமுறைக்குத் தலைமுறை இறங்கி வந்தது. 'யட்டிமது' என்று எழுதிய பொடியைப் பொட்டலமாக வாங்குபவன் உள்ளே இருப்பது எந்தக் கொடியின் வேர் என்று எவ்வாறு அறிவான்? உண்மையான அதிங்கமே ஆயினும் நாள்தோறும் மிகுதியாகத் தின்றால் குருதியழுத்தம் ஏறும். உடலின் பொட்டாசியம் குறையும். குருதியழுத்த நோயுள்ளோர் அதனை விலக்குவதே தக்கது.

இனித் தாய்மார் ஊன்றிக் கேட்க வேண்டிய செய்தி. தொண்டைநோவுகளிற் பெரும்பாலானவை நச்சுயிரியால் வருவன. அவை ஒரு கிழமைக்குள் தாமே தணியும். அவற்றுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை பயன்படாது. அத்தகைய நோவுக்குப் பாட்டியின் குடிநீரே போதும். மருந்துக்கடையில் தாமாகவே மாத்திரை கேட்டு வாங்கி விழுங்குவது பணத்துக்கும் உடலுக்கும் கேடு. ஆனால் ஒரு சிறு பங்கு நோவு, மணிமாலை போல் கோத்து நிற்கும் ஒருவகைக் குச்சுயிரியால் வருவது. இருமலோ மூக்கொழுக்கோ இராது, காய்ச்சல் அடிக்கும், கழுத்தில் நெறிகட்டும், அடிநாச்சதையில் வெண்புள்ளிகள் தோன்றும். ஐந்திலிருந்து பதினைந்து அகவைக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இது பெரிதும் வரும். கவனியாது விட்டால், நோவு ஆறிய இரண்டு மூன்று கிழமைக்குப்பின் மூட்டுகள் வீங்கும். அதன்பின் நெஞ்சாங்குலையின் தடுக்கிதழ்கள் பழுதுறும். பத்து அகவையில் வந்த தொண்டைநோவு முப்பது அகவையில் ஒரு தாயை மூச்சுத் திணற வைக்கும். இக் கேடு மேலைநாடுகளில் பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. இந் நாட்டு ஏழைக் குடும்பங்களை இன்றும் விடவில்லை. இதைத் தடுப்பது பெனிசிலின். 1928-இல் பிளெமிங்கு கண்ட அம் மருந்தை மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை கொடுத்தால் நெஞ்சாங்குலை காக்கப்படும். எந்தக் குடிநீரும் இவ்வேலையைச் செய்யாது. செய்யும் என்று சொல்பவர் தமிழ் மருத்துவத்துக்கு நண்பர் அல்லர்.

தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வு படர்ந்து மூச்சு முட்டினால் அது தொண்டை அடைப்பான். கணமும் தாழ்க்காது மருத்துவமனைக்கு ஓட வேண்டும். குழந்தை பிறந்த ஆறாம், பத்தாம், பதினான்காம் கிழமைகளில் அரசு நலநிலையங்களில் போடும் தடுப்பூசி இதனை வரவிடாது. எச்சில் விழுங்க முடியாமல் ஒழுகவிடும் குழந்தை, வாய் திறக்க முடியாத பெரியவர், மூன்று கிழமைக்கு மேலும் குரல் கம்மியே இருக்கும் புகையிலைப் பழக்கமுள்ளவர். இவர்களும் வீட்டில் இருத்தி வைக்கத் தக்கவர் அல்லர். உப்பையும் மிளகையும் விரலில் தொட்டு உண்ணாக்கை அழுத்தித் 'தூக்கிவிடும்' பழக்கத்தையும் அறவே விட வேண்டும். வீங்கிய சதையை விரலால் நசுக்கினால் புண்தான் பெருகும்.

மருத்துவத்தின் பெயரைப் பற்றிய வழக்கு இன்று தொடங்கியதன்று. சென்னை மாகாண அரசு 1921-இல் முகம்மது உசுமான் தலைமையில் உள்நாட்டு மருத்துவங்களை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 1923-இல் வந்தது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றும் அதில் தனித்தனி முறைகளாகவே பேசப்பட்டன. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-இல் தொடங்கப்பெற்றது. தாம்பரம் நலவாழ்வகத்தில் தேசியச் சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பெற்றது 2005-இல். நடுவணரசின் சித்த ஆராய்ச்சி மன்றம், ஆயுர்வேதத்தோடு ஒட்டியிருந்த நிலை நீங்கித் தனியே பிரிந்தது 2010-இல். அறிக்கைக்கும் இப் பிரிவுக்கும் இடைப்பட்ட தொலைவு எண்பத்தேழு ஆண்டு! 2020-ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது தமிழக அரசே பதினைந்து சரக்குகளாலான குடிநீரை ஊர்தோறும் வழங்கியது. சுக்கு, திப்பிலி, ஆடாதோடை, ஓமவல்லி, சீந்தில், நிலவேம்பு என அதிலுள்ளவை பலவும் இவ்வூர் வேலிச்செடிகளே. பெயர் மட்டும் 'கபசுரம்'. ஐயக்காய்ச்சற் குடிநீர் என்றால் நோய் கேளாதோ?

பெயரைப் பதிந்து வைப்பது வெறும் மொழிப்பற்று என்று நகைப்போர்க்கு மஞ்சளின் கதையைச் சொல்லலாம். புண்ணை ஆற்றும் ஆற்றல் மஞ்சளுக்கு உண்டு என்பதை ஏதோ புதிதாகக் கண்டதுபோல் 1995-இல் அமெரிக்க நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தார்க்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் ஆராய்ச்சி மன்றத்தார் எதிர்த்து வழக்காடி, 1997-இல் அது நீக்கப்பெற்றது. நீக்கச் செய்தது தாய்மாரின் வாய்ச்சொல் அன்று. அச்சிலும் ஏட்டிலும் இருந்த சான்று. எழுதப்படாத வழக்கு வழக்குமன்றத்தில் நில்லாது. முசுமுசுக்கை அடையைப் பற்றியும், சித்தரத்தைத் துண்டைப் பற்றியும், இவ்வூர்க் கிழவியர் அறிந்ததை எழுதிவைத்தார் எத்தனை பேர்? மறைமலையடிகள் உணவையும் நீண்ட வாழ்வையும் பற்றித் தனி நூல்களே எழுதினார். உடல்நலச் செய்தியை நல்ல தமிழில் எழுத முடியும் என்று அவர் காட்டிச்சென்று ஒரு தலைமுறைக்கு மேலாயிற்று.

எழுதுவதற்குச் செடியும் இருக்க வேண்டும். உயிர்வேலி இருந்த இடத்தில் இப்போது கம்பிவேலியும் கற்சுவரும் எழும்புகின்றன. வரப்பில் களைக்கொல்லி தெளித்தால் கரிசலாங்கண்ணி முளைப்பதில்லை. அண்மையிலுள்ள வளையமாதேவியில் 2023 சூலைத் திங்களில் சுரங்கக் கால்வாய் வெட்டுவதற்காகக் கதிர் வாங்கும் நிலையிலிருந்த நெல்வயலுக்குள் மண்ணகழ் பொறிகள் இறங்கியதைக் கண்டோர் இங்கு இருப்பர். நெல்லுக்கு இழப்பீடு கணக்கிடுவார் உண்டு. வரப்போரத்துத் தூதுவளைக்கும் முசுமுசுக்கைக்கும் எவர் கணக்கிட்டார்?

ஆடாதோடை விதை தேடி அலைய வேண்டியதில்லை. முற்றிய கொம்பை ஒரு சாண் அளவுக்குச் சாய்வாக வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்குமாறு ஐப்பசி ஈரத்தில் ஊன்றினால் வேர்பிடித்துவிடும். ஆடு மேயாது, வேலிக்கும் ஆகும். நொச்சியும் அவ்வாறே. ஓமவல்லிக்கு ஓர் உடைந்த பானையும் ஒரு கிளையும் போதும். தூதுவளைப் பழம் சிவந்ததும் விதையைச் சாம்பலில் புரட்டி உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தத்தம் பாட்டியைக் கேட்டு, செடியின் பெயர், நிற்கும் இடம், எந்நோவுக்கு எவ்வளவு, எவர்க்கு ஆகாது என்னும் நான்கையும் ஒரு சுவடியில் எழுதி, இலையொன்றை உலர்த்தி அப்பக்கத்திலேயே ஒட்டி வைக்க வேண்டும். இவ் வடைமழை முடிவதற்குள் தொடங்கினால், கொம்பு துளிர்ப்பதையும் அச் சுவடியிலேயே எழுதிக்கொள்ளலாம்.